வாடை போன வீடு

எங்கள் வீட்டை விற்றபோது அதைக் கழுவிக் கொடுத்தது நான்தான். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை என்று எங்கள் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலுக்கும் பஸ் போகும் ரோட்டுக்கும் நடுவில் இருந்தது எங்கள் வீடு. குப்பத்தில் மற்றதெல்லாம் கீற்று வேய்ந்தவை. எங்களுடையது மட்டும் செங்கல் சுவர், ஓட்டுக் கூரை. அப்பாவுக்கு அந்த வீட்டின் மேல் ஆசை இருந்தது. ஆனால் கட்டுமரத்தில் போய் வந்துகொண்டிருந்தவருக்கு இன்ஜின் படகின் மேல் அதைவிடப் பெரிய ஆசை வந்துவிட்டது. கோவளத்தில் இருக்கும் என் மாமன் இன்னும் சிலரோடு சேர்ந்து படகு வாங்கப் போவதாகவும், அப்பாவுக்கும் ஒரு பங்கு தருவதாகவும் சொன்னார். அந்தப் பங்குக்காகத்தான் வீட்டை விற்பது என்று முடிவானது. நாங்கள் கோவளத்துக்கே போய் மாமன் வீட்டுப் பின்கட்டில் இருந்துகொள்வது என்று ஏற்பாடு. சதுரங்கப்பட்டினத்து ஆள் ஒருவரும் அதே பங்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரத்துக்குள் அப்பா பங்கைச் சேர்க்காவிட்டால் அது அவருக்குப் போய்விடும்.

நான் அப்போதுதான் செங்கல்பட்டில் ஆசிரியப் பயிற்சி முடித்து, கடைசிப் பரீட்சையும் எழுதிவிட்டு வந்திருந்தேன். பாஸா ஃபெயிலா என்று இன்னும் தெரியாது. ஆனால் என்னைப் பொறுத்தவரை நான் டீச்சர் ஆகிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மருந்து பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லக் குப்பமே என்னிடம் வரும். படித்துச் சொல்வதோடு நிறுத்தாமல், அந்த மருந்தை எதற்காகக் குடிக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்புவேன். யாரும் கேட்டதில்லை.

வீடு பார்க்க வந்தவர் கும்பகோணம் பக்கத்துக்காரர். கல்பாக்கத்தில் புதிதாக ஆரம்பித்திருந்த வேலைக்கு வந்தவர். பேண்ட், மூக்குக் கண்ணாடி. நாங்கள் சார் என்றே கூப்பிட்டோம். கிணற்றை எட்டிப் பார்த்தார், ஓட்டை அண்ணாந்து பார்த்தார், ரோடு எத்தனை கிட்டே என்று பார்த்தார். எல்லாம் பிடித்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அவர் மனைவி நடு வீட்டில் நின்று முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு அவரிடம் மெதுவாகக் கேட்டார்:

"வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா நாம சைவமாச்சே. இந்த வாடை போகுமா?"

அந்த அம்மா என்னைக் கேட்கவில்லை. பதில் சொன்னது நான்.

"வீட்டை ஒப்படைக்கும் அன்று இங்கே சிறிதளவேனும் வாடை இருக்குமானால் நீங்கள் இதை வாங்க வேண்டியதில்லை."

அப்படியே, ஒரு எழுத்து மாறாமல் அப்படித்தான் சொன்னேன். எனக்குக் கோபம் வந்தால் வாயில் பாடப் புத்தகம்தான் வரும்.

சாருக்குச் சந்தோஷம். "நியாயமான பேச்சு. வெள்ளிக்கிழமை காலையில வந்து பாத்துடுறோம். சரியா இருந்தா அப்படியே திருப்போரூர் போயி பத்திரத்தை முடிச்சிடலாம்" என்றார்.

அவர்கள் பஸ் ஏறியதும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"இன்னாடி பேச்சு அது? வூடு புடிச்சிருக்குன்னு அவரே சொல்லிகினு கீறாரு, நீ வாங்க வேணாம்ன்றியே?"

"வேணாம்னா சொன்னேன் நைனா? வாடை இருந்தாத்தான வேணாம்னேன்."

"நாம குந்திகினு கீற வூட்ல வாடை வராம மல்லிப்பூ வாசமா வரும்? வெள்ளிக்கெயமை அவரு வேணாம்னு பூட்டாருன்னா படகு பூட்ச்சி. தெரியுமா ஒனக்கு?"

அம்மா தன் பங்குக்குச் சொன்னாள்: "இத்தினி வருசம் படிக்கவெச்சது வாய வளக்கறதுக்குத்தான் போல."

பெற்றோரை நம்ப வைக்கப் பேச்சு போதாது என்று தெரிந்துகொண்டு அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சுகாதாரம் என்று ஒரு பாடம் இருந்தது. சுத்தம் செய்வதை எப்போதும் மேலிருந்து கீழாகச் செய்ய வேண்டும் என்று அதில் படித்திருந்தேன். பரீட்சையிலும் எழுதியிருந்தேன். அப்படிச் செய்கிறவர் எங்கே நிற்க வேண்டும் என்று அதில் இல்லை. ஓட்டுக்கு அடியில் வருஷக்கணக்காகச் சேர்ந்திருந்த புகைக்கரி எல்லாம் என் தலையில்தான் இறங்கியது. கருவாட்டுக் கூடைகள், வலை, எண்ணெய் டின்கள் எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய்த் தென்னை மரத்தடியில் போட்டேன். சலவை சோடாவைக் கரைத்துத் தரையைத் தேய்த்தேன், கதவு ஜன்னலைத் தேய்த்தேன், அடுப்பு மேடையை என் நகம் தேயும்வரை தேய்த்தேன். பிறகு ஃபினாயில். பிறகு வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர். பிறகு கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிவந்து உள்ளே முழுக்க வெள்ளையடித்தேன்.

பக்கத்துக் குடிசை அத்தை வேலியில் சாய்ந்துகொண்டு இதைப் பார்ப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டாள்.

"இன்னா டீச்சரம்மா, வூட்டுக்குக் கண்ணாலமா?"

"வாங்குறவங்களுக்கு வீட்டைச் சுத்தமாத்தான் கொடுக்கணும் அத்தை. அது ஒரு பண்பாடு."

"நாம இருந்த வரிக்கும் ஒருநாளும் இப்பிடித் தேச்சதில்ல. வர்றவனுக்குத் தேச்சிகினு கீறா பாரு" என்று தன் வீட்டுப் பக்கம் திரும்பிச் சொல்வாள். உள்ளே யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

தேய்ப்பது கஷ்டமில்லை. வாடை போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதுதான் கஷ்டமாகப் போயிற்று.

விடுதியிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் எனக்கே அந்த வாடை குப்பென்று அடிக்கும். வீட்டுக்கு வந்து ஒரு வேளை சோறு சாப்பிட்டு எழுந்தால் எங்கே போனதென்றே தெரியாது. அது போகவில்லை, என் மூக்குதான் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். ஆகவே என் மூக்கை நான் நம்பவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, உள்ள வந்து பாரு. வாடை வருதா?"

"இன்னா வாடை?"

"மீன் வாடை."

"இன்னிக்கி ஏதுடி மீனு? ஒங்க நைனாதான் கடலுக்கே போவலியே."

அத்தையைக் கூப்பிட்டேன். அவள் வாசலோடு நின்றுவிட்டாள். "மீனு இன்னா மீனு, ஃபினாயிலுதான் நாறுது. தர்மாஸ்பத்திரி கணக்கா கீது. சீக்காளி செத்த வூடுன்னு நெனச்சிக்கப் போறாங்கோ."

அதுவும் சரிதான் என்று பட்டது. ஃபினாயில் வாடை போவதற்காக மறுபடி கழுவினேன். ஆனால் மீன் வாடை போயிற்றா என்று சொல்ல ஒரு மூக்கு வேண்டுமே. குப்பத்தில் இருந்த மூக்குகள் எல்லாம் என்னுடையதைப் போலத்தான். அசலூர் மூக்கைத் தேடிப் போனேன்.

ரோட்டோரத்தில் சிலை செதுக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் கடலோரம் இல்லாத ஊர்க்காரர்கள். ஒருவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் உளியைக் கீழே வைத்து, மூக்கை ஒரு முறை சிந்தித் துடைத்துக்கொண்டு, "எம் மூக்குல கருங்கல்லுதாம்மா கீது. பூ குடுத்தாலும் கல்லுன்னுதான் சொல்லுவேன்" என்றார்.

கடைசியில் மாட்டியவர் தபால்காரர். திருக்கழுக்குன்றத்துப் பக்கத்துக்காரர். எங்கள் வீட்டுக்குத் தபால் ஒன்றும் இல்லாமலே சைக்கிளை மறித்து உள்ளே கூப்பிட்டேன்.

"கொஞ்சம் மோந்து பாத்துட்டுப் போங்க சார்."

"இன்னாத்த?"

"வீட்டை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி உள்ளே போனார். ஒவ்வொரு மூலையிலும் நின்று மூச்சை இழுத்தார். அடுப்படியில் குனிந்து இழுத்தார்.

"சுண்ணாம்பு வாசனை வருது. வேற ஒண்ணுமில்ல" என்றார். "ஏம்மா, ஒனக்கு ஜலதோசமா? இத ஒன் மூக்கே சொல்லாதா?"

அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அப்படியெல்லாம் செய்கிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. மனிதர் பயந்துபோய் வேகமாக சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அது வியாழக்கிழமை. அத்தோடு நான் போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் ஜெயித்தவளுக்குப் படுக்கத் தோன்றுமா? வாசலில் நின்று என் வேலையை நானே பாராட்டிக்கொண்டிருந்தபோது கதவு கண்ணில் உறுத்தியது. சலவை சோடா போட்டுத் தேய்த்ததில் மரம் சாம்பல் பூத்து, வறண்டு, கீறல் கீறலாக இருந்தது. ஜன்னல் கதவுகளும் அப்படித்தான். வெள்ளை வெளேரென்ற சுவருக்கு நடுவில் அழுது வடிந்தன.

எங்கள் பக்கத்தில் மரம் மங்கினால் அதற்குச் செய்வது ஒன்றுதான். கட்டுமரமோ துடுப்போ கதவோ, எதுவானாலும் சுறா எண்ணெய் போடுவோம். சுறாமீனின் ஈரலைக் காய்ச்சி இறக்குகிற எண்ணெய். உப்புக் காற்றுக்கு மரத்தை அது காப்பாற்றிவிடும். பொங்கலுக்குப் பொங்கல் எல்லா வீட்டுக் கதவுக்கும் அது உண்டு. எங்களுக்கு அது பொங்கல் வாசனை, புதுத்துணி வாசனை, வீடு சுத்தமாக இருக்கிறது என்கிற வாசனை. தென்னை மரத்தடியிலிருந்து டின்னை எடுத்துவந்தேன், பழைய துணியை நனைத்தேன், வாசல் கதவிலும் ஜன்னல் கதவுகளிலும் முன்னும் பின்னும் பூசினேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. யோசிக்கத்தான் என்னைப் படிக்கவைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

மரம் எண்ணெயைக் குடித்துக் கருங்காலி மாதிரி பளபளத்தது. கடற்கரையிலிருந்து வந்த அப்பா கதவைத் தடவிப் பார்த்தார்.

"இப்பதான் வூடு வூடா கீது" என்றார்.

அந்த வாரத்தில் என்னிடம் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அம்மாவும் மூச்சை இழுத்து, "ஆமா, நல்லாத்தான் கீது" என்றாள். மூன்று பேரும் அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்றோம்.

வெள்ளிக்கிழமை பயிற்சிப் பள்ளியின் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அம்மா காலையிலேயே அடுப்படியில் ஒரு கிண்ணம் கல்லுப்பும் ஒரு குடம் தண்ணீரும் வைத்திருந்தாள். வீட்டை வெறுமனே கொடுக்கக் கூடாது, வருகிறவர்களுக்கு உப்பும் தண்ணீரும் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அத்தை வேலியில் தன் இடத்துக்கு வந்துவிட்டிருந்தாள்.

சாரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மா ஒரு கையைக் கதவில் ஊன்றிக்கொண்டு செருப்பைக் கழற்றினார். முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் உள்ளே போனார். கூடத்தின் நடுவில் நின்று மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு மூச்சை இழுத்தார். அடுப்படிக்குப் போனார். உப்பையும் குடத்தையும் பார்த்துவிட்டு, "எங்க ஊர்லயும் இப்படித்தான் வெப்போம்" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. திரும்பி வாசலுக்கு வந்தவர் மறுபடி நின்றுவிட்டார்.

"உள்ள ஒண்ணுமே இல்லைங்க. ஆச்சரியமா இருக்கு. ஆனா இங்க வந்தாத்தான்..." என்றவர் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். முகம் கோணியது. "கதவு" என்றார்.

சார் குனிந்து கதவை முகர்ந்தார். நிமிர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நானும் மூக்கைக் கதவோடு வைத்து இழுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல வாசனையாகத்தான் இருந்தது.

"சிறிதளவேனும் வாடை இருக்குமானால் வாங்க வேண்டியதில்லைன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?" என்றார் சார். என் வசனத்தை அவர் மறக்கவே இல்லை.

அப்பா என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. கரை தெரியாத இடத்தில் கட்டுமரம் கவிழ்ந்தவர் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்டு, இன்னொரு நாள் தவணை கேட்டிருந்தால் கெட்டுப்போயிருக்காது. சதுரங்கப்பட்டினத்துக்காரர் தவணை கொடுப்பாரா என்பது வேறு. ஆனால் என் வாயில் மன்னிப்பு வரவில்லை. பாடப் புத்தகம்தான் வந்தது.

"கதவு வீட்டில் சேர்த்தி இல்லை" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நிறுத்த முடியவில்லை.

"வீடு என்றால் சுவர், கூரை, தரை. கதவு கழற்றி மாட்டுகிற பொருள். சட்டி பானை மாதிரி. இதை நாங்கள் எங்களோடு எடுத்துக்கொண்டு போகிறோம்."

"எடுத்துகினா போறோம்?" என்றார் அப்பா, காதோரமாக.

"ஆமா நைனா. நீதானே சொன்னே" என்றேன். அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

வேலியிலிருந்து அத்தை கேட்டாள்: "ஏண்டி, கோவளத்துல கதவே கெடியாதா?"

அவள் சிரிப்பை அடக்குவதற்காகவே நான் கதவைப் பிடித்துத் தூக்கினேன். பழைய காலத்துக் கதவு. கீல் கிடையாது, மேலும் கீழும் குழியில் நின்று சுழல்வது. தூக்கி இழுத்தால் வந்துவிடும். எண்ணெயில் கை வழுக்கி, கதவு அங்கேயே நின்றது. நான்தான் வந்தேன். வெள்ளைப் புடவையோடு வாசல் மண்ணில் மல்லாக்க விழுந்தேன். அதற்கப்புறம் அத்தையின் சிரிப்பை அடக்க யாராலும் முடியவில்லை.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார், கதவின் அடியில் கையைக் கொடுத்தார், அத்தை வீட்டு மாமாவைக் கையசைத்துக் கூப்பிட்டார். இரண்டு பேருமாகக் கதவைக் கழற்றித் தென்னை மரத்தில் சாய்த்தார்கள். பிறகு ஜன்னல் கதவுகள். எல்லாம் வந்ததும் வீடு பொக்கை வாய் மாதிரி நின்றது. காற்று ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் போயிற்று.

அந்த அம்மா திரும்பவும் உள்ளே போய், வாசலுக்கு வந்து, நின்று, மூச்சை இழுத்தார். "இப்ப இல்ல" என்றார். பிறகு, "ஆனா வாசக்கதவு இல்லாம எப்படிங்க குடியிருக்கிறது?"

அப்பாவுக்குப் படகு கண்ணில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. "புதுக்கதவு வர்ற வரிக்கும் நா வாசல்ல படுத்துக்கறேங்க. காவலுக்குக் காவலாச்சி" என்றார் வேகமாக.

"நீ படுத்துகினா நாறாதா?" என்றாள் அம்மா. "அதுக்கு அந்தக் கதவே இருந்துட்டுப் போவட்டும்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோய், அது எண்ணெய்க் கை என்று ஞாபகம் வந்து, அவசரமாக இறக்கிக்கொண்டு, பொத்தாமலே சிரித்தார். சாரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அந்த அம்மாவே சொன்னார்: "சரி, இப்போதைக்குக் கீத்துல ஒரு தட்டி கட்டிக் குடுத்துடுங்க. கதவுக்கு ஆசாரிகிட்ட நாங்க சொல்லிக்கிறோம். நீ சொன்னபடி வீட்ல வாடை இல்லம்மா."

நான் புடவையில் மண்ணைத் தட்டிக்கொண்டே, அது எனக்கு முன்பே தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டினேன்.

திருப்போரூருக்கு எல்லோரும் ஒரே பஸ்ஸில் போனோம். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர் எல்லாவற்றையும் எழுதித் தயாராக வைத்திருந்தார். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டார்.

"வேணாங்க, எம் பொண்ணு படிக்கும்" என்றார் அப்பா. காலையில் நடந்ததெல்லாம் நடந்த பிறகும் அப்படிச் சொன்னார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன். வேலைக்காக வந்திருந்த மற்றவர்களும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கத்தான் படித்தேன். நான்கு எல்லை, கிணறு, தென்னை மரங்கள் எல்லாம் கணீரென்று வந்தன. "கதவு, நிலை, ஜன்னல் சகிதம்" என்று வந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

"இன்னாம்மா, எழுத்து புரியலியா?" என்றார் அவர்.

இதைவிடப் பெரிய அவமானம் எனக்கு வேறு கிடையாது. "புரிகிறது. கதவு நீங்கலாக என்று மாற்ற வேண்டும்."

"எல்லாப் பத்திரத்துலயும் அப்பிடித்தாம்மா எழுதுறது. கதவு இல்லாம எவன் வூடு விக்கிறான்?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். படித்த வாய். அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அந்த அம்மாதான் முன்னால் வந்து, தன் வலது உள்ளங்கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"யம்மாடி!" என்று அவர் நாற்காலியோடு பின்னால் போனார். உடனே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, "கதவு, ஜன்னல் கதவு நீங்கலாக" என்று மேலே எழுதினார்.

அப்பா கட்டைவிரலை உருட்டினார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன், இனிஷியலோடு, அடியில் ஒரு கோடும் இழுத்து. அப்பா நேரே கோவளம் பஸ்ஸைத் தேடிப் போனார், மாமனைப் பார்க்க. அவர் நடையிலேயே படகு தெரிந்தது.

நாங்கள் மாமல்லபுரம் பஸ்ஸுக்காக நின்றோம். அந்த அம்மா குழாயடியில் மூன்றாம் தடவையாகக் கை கழுவிவிட்டு வந்து முகர்ந்து பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது எப்பம்மா போகும்?" என்று கேட்டார்.

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவள் நான். புளி போட்டுத் தேய்க்கச் சொல்லலாமா, சாம்பல் போடச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் கையைப் பிடித்து நானும் ஒரு தடவை முகர்ந்து பார்த்தேன்.

"வந்ததே எங்களுக்குத் தெர்லீங்களே" என்றேன். "போறது எப்பிடித் தெரியும்?"